மதில் மேல் வந்து நிற்கும் பூனைகள்: நம் பூனையின் தோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு சென்னை குரோம்பேட்டையில் ஒரு பழைய தனி வீடு. பின்பக்கம் இரண்டு வாழை, ஒரு முருங்கை, கறிவேப்பிலை, துணி துவைக்கிற கல், சுற்றிலும் ஐந்தடி காம்பவுண்டு சுவர். அந்த இடம் முழுக்கத் தனக்கே பட்டா என்பது மிளகின் எண்ணம். மிளகு ஆறு வயதுக் கறுப்புப் பெட்டைப் பூனை, கருத்தடை ஆனது. தெருவில் இருக்கும் மற்ற பூனைகள் இந்தப் பட்டாவை ஒப்புக்கொள்வதில்லை. அதனால் வந்த ரத்தக் காயம், நாற்றம், தூக்கம் கெட்ட இரவுகள் எல்லாம் பார்த்தாயிற்று. பூனை வளர்க்கிற நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். நான் கால்நடை டாக்டர் இல்லை. மருந்து, ஊசி விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

வந்துவிட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?

பல நாள் ஒரு நஷ்டமும் இல்லை. சுவர் மேல் நடந்து, அடுத்த வீட்டுக்குப் போகிற பூனையை நான் பொருட்படுத்துவதே இல்லை. அது வழிப்போக்கன். உள்ளே இறங்கி, நம் பூனையின் கிண்ணத்தில் வாய் வைத்து, செடி மேல் பீய்ச்சிவிட்டுப் போகிற பூனைதான் பிரச்சினை.

முதலில் நோய். பூனைகளுக்கு வரும் பான்லூகோபீனியா என்ற வைரஸ் பொல்லாதது. வாந்தி, பேதி என்று ஆரம்பித்து, குட்டியாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் ஆளை முடித்துவிடும். நோயுள்ள பூனை போன பிறகும் அந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடம்கூடக் கிடக்கும். நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வரும். பூனை எய்ட்ஸ் என்று சொல்லப்படும் எஃப்.ஐ.வி. பெரும்பாலும் கடியால் பரவுகிறது. (மனிதருக்கு வராது, பயப்பட வேண்டாம்.) ரத்தப் புற்றுநோய் வைரஸான எஃப்.இ.எல்.வி. எச்சில் வழியாக, அதாவது ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதாலும் பரவும். ரேபிஸ் நாய்க்கு மட்டும் உரியது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூனை கடித்தாலும் வரும்.

ஆகவே சுவர், வலை எல்லாவற்றுக்கும் முன்னால் தடுப்பூசி. டாக்டர்கள் ட்ரைகேட் என்று சொல்லும் ஊசி பான்லூகோபீனியாவையும் இரண்டு வகைச் சளிக் காய்ச்சல் வைரஸ்களையும் தடுக்கும். ரேபிஸ் ஊசி தனி. எஃப்.ஐ.வி.யும் எஃப்.இ.எல்.வி.யும் இந்த இரண்டு ஊசியிலும் அடங்காது. அவற்றுக்குச் சண்டையையும் பொதுக் கிண்ணத்தையும் தவிர்ப்பதே வழி.

வருவது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைச் செய்யாமல் மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தைத் தூக்காதீர்கள். கடுவனா, பெட்டையா, யாரோ வளர்ப்பதா, தெருப் பூனையா என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

பெரிய தலை, உப்பிய கன்னம், காதில் பழைய கிழிசல், பின்னால் திரும்பி நின்று வாலை நடுக்கிக்கொண்டு சுவரில் பீய்ச்சுவது. இவை இருந்தால் கருத்தடை ஆகாத கடுவன். ஒரு காதின் நுனி நேர்கோடாக வெட்டியிருந்தால் யாரோ ஏற்கெனவே கருத்தடை செய்து விட்ட பூனை. மொழுமொழுவென்று இருந்து, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தால் அதற்கு ஒரு வீடு இருக்கிறது. அப்படிப்பட்ட பூனைக்கு ஒரு காகிதப் பட்டையைக் கழுத்தில் தளர்வாகப் பசை போட்டு ஒட்டி, 'இது உங்கள் பூனையா?' என்று எழுதி ஃபோன் நம்பரையும் போட்டு அனுப்புங்கள். இழுத்தால் கிழிகிற மெல்லிய காகிதமாக இருக்க வேண்டும், நூல் கட்டக் கூடாது. எங்கள் தெருவில் ஒரு வெள்ளைப் பூனைக்கு இப்படி மூன்று வீட்டிலிருந்து பதில் வந்தது. மூன்று வீட்டிலும் அதற்கு வேறு வேறு பெயர், மூன்று வேளைச் சாப்பாடு.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய ஃபோனை ஜன்னலில் கேமராவாக வைத்தால் போதும். பூனைகள் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும்தான் அதிகம் நடமாடும். ஒரு வாரம் பார்த்தால் பஸ் டைம்டேபிள் மாதிரி ஒரு கணக்கு கிடைத்துவிடும். அந்த நேரத்தில் நம் பூனை வீட்டுக்குள் இருந்தாலே பாதிச் சண்டை இல்லை.

என் தோட்டத்துக்கு மட்டும் ஏன் வருகிறது?

ஏதோ ஒன்று கிடைக்கிறது, அதனால் வருகிறது. என்ன கிடைக்கிறது என்று நமக்குத்தான் தெரிவதில்லை. எங்கள் வீட்டில் அது காக்காய்க்கு வைக்கிற சோறு. அம்மா தினமும் காலையில் நெய் விட்ட சோற்றைச் சுவர் மேல் வைத்து 'கா கா' என்று கூப்பிடுவாள். காக்காய் வருவதற்கு முன் தடியன் வந்துவிடும். தடியன் என்பது நாங்கள் வைத்த பெயர், சாம்பல் வரிக் கடுவன். சோற்றை மொட்டை மாடிக்கு மாற்றினோம், மீதியை அரைமணி நேரத்தில் எடுத்துவிட்டோம். அம்மா ஒரு வாரம் முணுமுணுத்தாள், காக்காய்கள் மறுநாளே மாடிக்கு வந்துவிட்டன.

மற்ற காரணங்கள்: மீன் கழுவிய தண்ணீரை வாழைக்கு ஊற்றுவது, மாடியில் காயும் கருவாடு, மூடாத குப்பைக் கூடை, வெளியே வைத்த நம் பூனையின் கிண்ணம். வீடு கட்ட வாங்கி மூலையில் குவித்த மணல் இருந்தால் அது தெருவுக்கே பொதுக் கழிப்பறை. பழைய பீரோவும் சிமெண்ட் ஷீட்டும் சாய்த்து வைத்த இடம் பிரசவ வார்டு. இதையெல்லாம் விட வலுவான காரணம் ஒன்று உண்டு: கருத்தடை ஆகாத பெட்டைப் பூனை. உங்கள் பூனை அப்படியானால், அது கத்துகிற நாட்களில் நாலு தெருக் கடுவனும் உங்கள் வாசலில்தான். அப்போது கோட்டைச் சுவர் கட்டினாலும் பயனில்லை.

மிளகாய்ப்பொடி, அந்துருண்டை, பினாயில்? எல்லாரும் இதைத்தானே சொல்கிறார்கள்?

சொல்கிறார்கள். மூன்றும் வேண்டாம்.

அந்துருண்டையில் இருப்பது நாஃப்தலீன். பூனைக்கு அது விஷம். பினாயில் வகையறாக்களில் உள்ள ஃபீனால் சேர்மங்களும் அப்படித்தான். மனித ஈரல் கழித்துத் தள்ளிவிடுகிற பல பொருள்களைப் பூனையின் ஈரலால் கழிக்க முடியாது. பூனை தரையில் நடந்து காலை நக்கும், அவ்வளவுதான் தேவை. கற்பூரமும் இதே ரகம். மிளகாய்ப்பொடி கொல்லாது, ஆனால் கண்ணிலும் பாதத்திலும் பட்டு அது படுகிற பாடு பார்க்கச் சகிக்காது. ஒரு மழைக்குக் கரைந்தும் போய்விடும்.

இதில் எல்லாரும் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று. மிளகாய்ப்பொடிக்கு உங்கள் பூனை எது, அடுத்த வீட்டுப் பூனை எது என்று தெரியாது. வாசனையாலும் எரிச்சலாலும் விரட்டுகிற எதுவும் முதலில் விரட்டுவது அந்தத் தோட்டத்தில் நாள் முழுக்கக் கிடக்கிற நம் பூனையைத்தான். பூனையே இல்லாத வீட்டுக்குச் சொன்ன வைத்தியத்தைப் பூனை வளர்க்கிறவர் எடுத்துக்கொண்டால் இதுதான் கதி. எந்த யோசனையைக் கேட்டாலும் 'இது இரண்டு பூனைக்கும் வித்தியாசம் பார்க்குமா?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை அங்கேயே விழுந்துவிடும்.

ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் பூனைகளுக்குப் பிடிக்காது என்பது உண்மை. ஒரு தொட்டியை மட்டும் காப்பாற்ற வேண்டுமானால் போடலாம். காய்ந்ததும் மாற்ற வேண்டும். காபித் தூளைப் போடாதீர்கள், அதைத் தின்றால் பூனைக்கு ஆபத்து.

குப்பைமேனிக்குப் பூனை வரும் என்கிறார்களே?

வரும். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் இருக்கிறது. செடியை வேரோடு பிடுங்கிப் போட்டுப் பாருங்கள். பூனை வந்து மோந்து, நக்கி, அதன் மேலேயே புரண்டு கிறங்கிக் கிடக்கும். மேல்நாட்டுக்காரர்கள் கேட்நிப் என்று காசு கொடுத்து வாங்குகிற வேலையை நம் ஊரில் ஓடை ஓரத்துக் களை செய்கிறது.

களையெடுக்கும் நாளில் இதைக் கவனியுங்கள். நான் ஒருமுறை பிடுங்கிய குப்பைமேனியைச் சுவரோரம் குவித்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் மூன்று பூனைகள். பிடுங்கியதை உடனே பையில் கட்டிவிடுங்கள், அல்லது நம் பூனைக்கு விளையாட வீட்டுக்குள் ஒரு வேர் கொடுங்கள். தோட்டத்தில் அரளியோ செங்காந்தளோ இருந்தால் அவைதான் அசல் ஆபத்து, இரண்டும் கடும் விஷம்.

சுவரை உயர்த்தினால் போதுமா?

ஐந்தடி, ஆறடிச் சுவரை ஆரோக்கியமான பூனை ஒரே தாவலில் எட்டிவிடும். இன்னும் இரண்டடி கட்டினால் நகத்தை ஊன்றி ஏறும். உயரத்தை விட உச்சிதான் முக்கியம். பூனை முதலில் சுவர் விளிம்பில் முன்னங்காலைப் போட்டுப் பிடித்து, பிறகுதான் உடம்பைத் தூக்கும். அந்தப் பிடி கிடைக்காமல் செய்தால் கீழே இறங்கிவிடும்.

நாங்கள் செய்தது உருளும் குழாய். சுவரின் உச்சியில் எல்-ஆங்கிள் அடித்து, ஒரு ஒல்லிக் குழாயை நீளவாக்கில் பொருத்தி, அதன் மேல் நான்கு அங்குல பி.வி.சி. குழாயைத் தளர்வாக மாட்டினோம். பூனை கால் வைத்ததும் குழாய் சுழலும். குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் கால் நுழைகிற இடைவெளி இருக்கக் கூடாது, சுவரின் வெளி விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். வெல்டர் ஒருவர் 'எதுக்கு சார் இது, பூனைக்கா?' என்று இரண்டு முறை கேட்டார். கேட்டுவிட்டு நன்றாகவே செய்து கொடுத்தார். தடியன் முதல் நாள் விழுந்தான், இரண்டாம் நாள் விழுந்தான், மூன்றாம் நாள் சுற்றிவந்து கேட்டுக்கு அடியில் நுழைந்தான்.

அதனால் கேட்டையும் சேர்த்துப் பாருங்கள். தலை நுழைகிற இடத்தில் உடம்பும் நுழையும். கம்பிகளுக்கு இடையிலும் கீழேயும் இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கோழி வலையை வைத்துக் கட்டுங்கள்.

அடுத்தது மரம். எங்கள் முருங்கை சுவருக்கு ஏணி மாதிரி நின்றது. தென்னையில் எலி ஏறாமல் தகரம் சுற்றுவார்களே, அதே வேலைதான். நான்கைந்து அடி உயரத்துக்கு மேல், இரண்டரை அடி அகலத் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டினால் நகம் வழுக்கும். ஆணி அடிக்க வேண்டாம், மரம் பருக்கப் பருக்கத் தளர்த்திக் கட்ட வேண்டும். கிளை சுவரை எட்டினால் தகரம் வீண், கிளையை வெட்டுங்கள். முருங்கைக்கு வெட்டுவது நல்லதுதான்.

வலை கட்டுகிறவர்கள் மேல் இரண்டடியை விறைப்பாக இழுக்காமல் தொளதொளவென்று விடுங்கள். ஆடுகிற எதன் மேலும் ஏறப் பூனைக்குப் பிடிக்காது. வெளியாள் வராமல் இருக்க அது வெளிப்பக்கம் சாய வேண்டும், நம் பூனை போகாமல் இருக்க உள்பக்கம் சாய வேண்டும். வெளிப்பக்கம் சாய்த்தால் அது தெருவிலோ அடுத்தவர் இடத்திலோ நீட்டிக்கொண்டு நிற்கும், சண்டை வரும். உள்பக்கமே உத்தமம், வெளியாளை அந்தத் தொளதொளப்பு தடுத்தால்தான் உண்டு.

சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதிப்பது பழைய வழக்கம். பூனைகள் அதற்கு நடுவில் கால் வைத்து அழகாக நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் ஓடும்போதுதான் வெட்டும், நம் பூனைக்கும் சேர்த்து.

சத்தம் எழுப்பும் கருவி, தண்ணீர் பீய்ச்சும் கருவி வாங்கலாமா?

நமக்குக் கேட்காத சத்தம் எழுப்பும் பெட்டி உங்கள் பூனைக்கும் கேட்கும். வேண்டாம். அசைவைக் கண்டு தண்ணீர் பீய்ச்சுவது நன்றாக வேலை செய்யும். நம் பூனை வீட்டுக்குள் இருக்கும் இரவில் மட்டும் திறந்துவிடலாம். மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்பது வேறு விஷயம். நேரில் பார்க்கும்போது ஒரு குவளைத் தண்ணீரைத் தரையில் அதன் பக்கமாக வீசினால் போதும். கல்லெறிய வேண்டாம்.

பீய்ச்சிய நாற்றம் போகவே இல்லையே?

கடுவன் மூத்திரத்தின் அந்தக் காட்டம் ஆண் ஹார்மோனால் வருவது. நாற்றம் இருக்கிற வரை அது திரும்ப வந்து புதுப்பிக்கும், நம் பூனையும் பதிலுக்கு எதையாவது செய்யும். முதலில் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். பிறகு செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் கலந்த திரவத்தை ஊற்றிக் காயவிடுங்கள். இல்லாவிட்டால் வினிகரைத் தண்ணீரில் கலந்து தேய்க்கலாம். அமோனியா உள்ள கிளீனர் மூத்திரம் மாதிரியே மணக்கும், பூனை அதை அழைப்பிதழாக எடுத்துக்கொள்ளும். கழுவாத மூத்திரத்தின் மேல் நேராக ப்ளீச் ஊற்றாதீர்கள், அந்தப் புகை நெஞ்சைப் பிடிக்கும்.

ஆனால் இதெல்லாம் துடைப்பதுதான். நிறுத்துவதற்கு வழி கருத்தடை. செய்த பிறகு பத்தில் ஒன்பது கடுவன்கள் பீய்ச்சுவதை விட்டுவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். உடனே அல்ல, ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும்.

தெருப் பூனைக்கு நான் ஏன் கருத்தடை செய்ய வேண்டும்?

நியாயப்படி உங்கள் கடமை இல்லை. கணக்குப்படி பார்த்தால் சுவரை விட மலிவு. பெட்டைப் பூனை நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரும், கர்ப்பம் ஒன்பது வாரம்தான். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈடு போடக்கூடும். ஒரு பெட்டைக்குச் செய்தால் அடுத்த வருடம் உங்கள் சுவர் மேல் நிற்கப்போகிற ஐந்தாறு பூனைகளுக்குச் செய்த மாதிரி. கடுவனுக்குச் செய்தால் நாற்றமும் சண்டையும் குறையும். சாந்தமாகிவிட்ட அந்தப் பழைய பூனை இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் புது முரடன் அவ்வளவு சுலபமாக வரமாட்டான்.

எப்படிச் செய்வது? முதலில் டாக்டரிடம் நாள் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பிராணி நல அமைப்பான புளூ கிராஸ் இருக்கிறது. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். கையால் பிடிக்காதீர்கள். கதவு தானாக விழுகிற கூண்டை இரவல் வாங்கி, இரண்டு மூன்று நாள் கதவைக் கட்டிவைத்து உள்ளே சோறு போட்டுப் பழக்குங்கள். வறுத்த நெத்திலிக்கு மயங்காத பூனையை நான் பார்த்ததில்லை. விழுந்ததும் கூண்டின் மேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடினால் அடங்கிவிடும். எத்தனை மணி நேரம் பட்டினி என்பதை டாக்டர் சொல்வார். காது நுனியையும் அப்போதே வெட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வருடம் இன்னொருவர் அதே பூனையைப் பிடித்துக்கொண்டு போவார். பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பால் கொடுக்கிற தாய் என்றால் குட்டிகள் எங்கே என்று தெரியும் வரை பொறுங்கள்.

தடியனைப் பிடிக்க எனக்கு பதினோரு நாள் ஆயிற்று. அதற்குள் கூண்டில் விழுந்தவை: மிளகு இரண்டு முறை, ஒரு கீரிப்பிள்ளை, அடுத்த வீட்டு அக்காவின் கோழி.

கோணியில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வந்தால்?

காலங்காலமாகச் செய்கிறார்கள். சில பூனைகள் திரும்பி வந்துவிடும், சில தெரியாத இடத்தில் அடிபட்டுச் சாகும். காலியான இடத்துக்கு வேறொன்று வரும், அது கருத்தடை ஆகாததாக இருக்கும். விஷம் வைப்பது குற்றம்: 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் உண்டு. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் விலங்கைக் கொன்றாலோ ஊனமாக்கினாலோ விஷம் வைத்தாலோ ஐந்து ஆண்டு வரை சிறை. விஷம் தின்ற எலியைத் தின்று நம் பூனையும் சாகலாம் என்பதைச் சட்டம் சொல்லாது, நான் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டில் சோறு வைத்து வளர்த்துவிடுகிறார்கள். என்ன பேசுவது?

'உங்களால்தான்' என்று ஆரம்பித்தால் அன்றோடு பேச்சு முடிந்தது. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

"வாயில்லாத ஜீவன் தம்பி. பசின்னு வந்து நிக்குது. ராஜாவை நான் எப்படி விரட்டுவேன்?" என்றார் அடுத்த வீட்டு அக்கா.

எங்கள் தடியன் அங்கே ராஜா என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். சரி என்று வழியை மாற்றினேன். சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் சுவரோரம் வைப்பதை அவர்கள் வீட்டின் முன்பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன், தினமும் ஒரே நேரத்தில், தின்றதும் தட்டை எடுத்துவிட வேண்டும். வயிறு நிறைந்த பூனை வேறு வீட்டில் இறங்க அவ்வளவு ஆசைப்படாது. கருத்தடைச் செலவில் பாதியை அக்காவே கொடுத்தார். ஆபரேஷன் முடிந்து ராஜாவை ஒரு ராத்திரி வைத்துப் பார்த்ததும் அவர்தான்.

தொட்டியிலும் பாத்தியிலும் மலம் கழிக்கிறது.

கிளறிய மண், காய்ந்த மண், மணல், இவை மூன்றும் பூனைக்கு அழைப்பு. பாத்தியில் விதை போட்டதும் கோழி வலையைத் தரையோடு விரித்து ஓரத்தில் கல் வையுங்கள், செடி வலைக்கு நடுவில் வளரும். தொட்டியில் கூழாங்கல்லோ தேங்காய் மட்டைத் துண்டுகளோ பரப்புங்கள். மணல் குவியலுக்குத் தார்ப்பாய். நம் பூனைக்குத் தனியாக ஒரு மூலையில் மணல் தொட்டி வைத்துத் தினமும் சுத்தம் செய்யுங்கள்.

தினமும் என்பதற்குக் காரணம் உண்டு. பூனை மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா கிருமி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் வரை ஆகும். அதற்குள் அள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டால் ஆபத்து மிகக் குறைவு. கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். தோட்ட வேலையும் கையுறை போட்டுத்தான். அந்தப் பாத்தியில் விளைந்த கீரையை நன்றாக அலசுங்கள். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் பூனையைத் துரத்திவிட வேண்டும் என்பார்கள், அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

வெளிப் பூனையைப் பார்த்ததும் என் பூனை என்னையே கடித்துவிட்டது!

ஜன்னல் வழியாக எதிரியைப் பார்க்கிறது, எட்ட முடியவில்லை, பக்கத்தில் இருக்கிற கால் உங்களுடையது. அந்த நேரத்தில் தூக்கவோ தடவவோ போகாதீர்கள். விளக்கை அணைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு மணி நேரம் தனியே விடுங்கள். சில பூனைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். பிறகு ஜன்னலின் கீழ்ப்பாதியில் ஒளி மட்டும் புகுகிற ஃபிலிம் ஒட்டுங்கள். வீட்டுக்குள் திடீரென்று சுவரில் பீய்ச்சுவதும் பெரும்பாலும் இதே கவலையால்தான். ஆனால் மூத்திரம் போகவே முக்கித் தவிக்கிற கடுவன் என்றால் கவலை என்று விட்டுவிடாதீர்கள். அது அடைப்பு, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். தடுப்பூசி போட்ட பூனையோ போடாததோ, டாக்டரிடம் காட்டுங்கள். ரேபிஸ் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

சண்டை போடும்போது எப்படிப் பிரிப்பது?

கையை மட்டும் விடாதீர்கள். எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுங்கள், அல்லது தண்ணீர். நடுவில் ஒரு அட்டையையோ முறத்தையோ நுழைக்கலாம். பிரிந்து, நம் பூனையின் ஆத்திரம் அடங்கிய பிறகு அதன் உடம்பைத் தடவிப் பாருங்கள். பல் பதிந்த துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டும். இரண்டு மூன்று நாள் கழித்து வீக்கம், காய்ச்சல், சாப்பிடாமல் மூலையில் கிடப்பது. மிளகுக்கு வால் அடியில் இப்படி ஆகி, நான் கவனிக்காமல் விட்டதற்குப் பத்து நாள் மருந்து கொடுத்தேன். மனித வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

ஒரு பூனை வந்து எங்கள் தோட்டத்தில் குட்டியே போட்டுவிட்டது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நடக்கும். தொந்தரவு செய்யாதீர்கள். ஏழு வீடு மாற்றும் என்பார்கள், ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானே தூக்கிக்கொண்டு போய்விடும். போகவில்லை என்றால் நம் பூனை அந்தப் பக்கம் போகாமல் ஏதாவது மறைப்பு வையுங்கள், கிண்ணமும் துணியும் தனியாக இருக்கட்டும். எட்டு வாரத்தில் குட்டிகளுக்கு வீடு தேடலாம், தாய்க்குக் கருத்தடை செய்யலாம்.

எல்லாம் செய்தும் வருகிறதே?

அப்படியானால் தோட்டம் முழுவதையும் காப்பதை விட்டுவிடுங்கள். சுவரோரம் பத்துக்கு ஆறடியில் மேலேயும் மூடிய கம்பி வலைக் கூடு கட்டி, அதை வீட்டு ஜன்னலோடு சேர்த்துவிடுங்கள். உள்ளே இரண்டு பலகை, ஒரு சாக்கு சுற்றிய கட்டை, நிழல். தோட்டத்தைச் சுற்றிக் குழாய் மாட்டியதை விட இதற்குச் செலவு குறைவாகவே ஆகும். முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று எனக்குச் சில நாள் தோன்றும். நம் பூனையின் தோலுக்கடியில் வைத்த அடையாளச் சிப்பைப் படித்து அதற்கு மட்டும் திறக்கிற பூனைக் கதவும் இணையத்தில் கிடைக்கிறது. விலை அதிகம், வீட்டுக்குள் வரை துணிந்து நுழைகிற பூனை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

என் பூனையே அடுத்த வீட்டுத் தோட்டத்துக்குப் போகிறது. அதற்கு என்ன செய்வது?

மேலே எழுதியதை எல்லாம் அந்த வீட்டுக்காரர் படிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிளகு இப்போதெல்லாம் காலையில் அக்கா வீட்டு முன்பக்கத்துக்குப் போய்விடுகிறாள். ராஜாவின் தட்டில் மீதி இருக்கிறதா என்று பார்க்கத்தான்.